ஒரு தலையில் ரெண்டு நேர்ச்சை

காரின் பின் சீட்டில் நாங்கள் மூன்று பேர். இந்தச் சன்னலோரம் நான். அந்தச் சன்னலோரம் என் மகனுடைய மாமியார் ரோஸ்மேரி. நடுவில், சின்னப் பிள்ளைகளுக்கென்று மாட்டி வைக்கிற தனி நாற்காலியில் எங்கள் பேரன் அமுதன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். ஆம்பளைப் பிள்ளைதான். ஆனால் தலைமுடி தோளைத் தாண்டிக் கிடக்கிறது. ஏ.சி. காத்துக்கு அது பறந்து ஒரு நேரம் என் கைமேல் விழும். ஒரு நேரம் அந்த அம்மா கைமேல் விழும். விழும்போதெல்லாம் யார் கையோ அதை மெதுவாக எடுத்து அவன் நெஞ்சுமேல் போடும். ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம்.

மஸ்கட்டிலிருந்து சூர் என்கிற ஊருக்குப் போகிற கடற்கரை ரோடு அது. இடது பக்கம் முழுக்கக் கடல். வலது பக்கம் முழுக்க மலை. நான் உட்கார்ந்திருந்தது மலைப்பக்கம்.

கடலைப் பார்க்கத்தான் எல்லோரும் கிளம்பினோம். என் பங்குக்கு மலை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் சுட்ட செங்கல் நிறம், ஒரு இடத்தில் சாம்பல் நிறம். புல்லு பூண்டு ஒன்றும் கிடையாது. நான் பிறந்தது ராயகிரி. மேற்கே பச்சை மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, துணி உடுத்தாமல் நிற்கிற மாதிரி அந்த மலை, பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கடல் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்க ஆசைதான். எட்டினால் அந்த அம்மாவைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அதனால் எட்டவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை

ஏன் இந்த முகத்திருப்பல் என்று சொல்லிவிட்டால் உங்களுக்குப் புரியும்.

என் மகன் குமாருக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மருமகள் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்சு. ரெண்டு பேரும் சங்கரன்கோவில்தான். அவர்களே பழகி, அவர்களே முடிவு செய்து கல்யாணம் செய்துகொண்டார்கள். நாங்கள் வயல்காட்டுக் குடும்பம், கோமதியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள், ரத வீதியில் பாத்திரக்கடை. முதலில் ரெண்டு வீட்டிலும் கோபம் இருந்தது. பிறகு அது தணிந்து, விருந்து போட்டோம், போட்டோ எடுத்தோம். சம்பந்தம் கலந்தாகிவிட்டது. எனக்கும் ரோஸ்மேரிக்கும் பேச்சு மட்டும் கலக்கவில்லை.

எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூடக் கண்டக்டரிடம் சொல்லத் தயங்கி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அந்த அம்மாவோ கடைக்கல்லாவில் உட்கார்ந்து தெருவில் போகிற ஆளைக் கூப்பிட்டுக் குடத்தை விற்கிறவர்.

அமுதன் மாசம் முடியும் முன்னே பிறந்துவிட்டான். மஸ்கட்டிலிருந்து குமார் போன் செய்தபோது அவன் குரலே சரியில்லை. "எம்மா, பிள்ளையக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. கையளவுதாம்மா இருக்கான்" என்றான். போனை வைத்துவிட்டு நான் நேராகக் கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னிதியில் நின்று, "தாயே, பிள்ளையப் பொழைக்க வச்சிரு. அவனோட மொதல் முடி உனக்குத்தான்" என்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அதே நாளில், கடையைப் பூட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு, ரோஸ்மேரி உவரிக்குப் பஸ் ஏறியிருக்கிறார். கடலோரத்தில் இருக்கிறதே, அந்த அந்தோணியார் கோயில். அங்கே முழங்காலில் நின்று, பேரனின் முதல் முடி உனக்குத்தான் என்று அவரும் நேர்ந்திருக்கிறார்.

பிள்ளை பிழைத்துவிட்டான். கொழுகொழு என்று வளர்ந்தான். முதல் பிறந்தநாளுக்கு போனில் எல்லோரும் முகம் பார்த்துப் பேசுகையில், ரோஸ்மேரி சத்தமாக, "அப்போ மொட்டை உவரியில வச்சிருவோம் மாப்பிள்ள" என்றார். மறுநாள் குமாரிடம் தனியாக, "நானும் நேந்திருக்கேன்டா" என்றேன்.

பிள்ளைக்கு முதல் முடி ஒன்றுதானே இருக்கும்?

அன்றிலிருந்து அந்த முடி வளர்ந்துகொண்டே இருந்தது. நேர்ச்சை முடிக்கும் வரை கத்திரி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர்கள் வழக்கமும் அதுவேதான். மகனும் மருமகளும் நல்ல பிள்ளைகள், "பெரியவங்க நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று விட்டுவிட்டார்கள். நான் விட்டுக்கொடுத்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டி கண்ணுக்குள் வரும். அம்மனிடம் கேட்டதை வாங்கிவிட்டுச் சொன்னதைக் கொடுக்காமல் இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் குமார் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து விசா எடுத்தான். ஒருத்தரைக் கூப்பிட்டு ஒருத்தரை விட முடியாதே. ஒரே அறை, ரெண்டு கட்டில். அந்த அம்மா ஏ.சி. போடுவார். தூங்கியதும் நான் எழுந்து அணைப்பேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை

அந்த ஊரில் வெள்ளியும் சனியும்தான் லீவு. அதனால் வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

விடியும் முன்னே எழுந்து இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி டப்பாவில் அடுக்கினேன். கூடுதலாகத் தொட்டுக்கொள்ள ஒரு குட்டி பாட்டில் நிறைய நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டேன். நான் அடுப்படியை விட்டு வந்ததும் ரோஸ்மேரி உள்ளே போனார். எலுமிச்சம்பழச் சாதம் தாளிக்கிற வாசனை வந்தது.

வழியில் ஒரு கடை வாசலில் கோழியைக் கம்பியில் குத்தி வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குமார் காரை மெதுவாக விட்டான். "ரெண்டு வாங்கிக்கிடுவமா? பீச்சுல வச்சு சாப்பிடலாம்."

"வெள்ளிக்கிழமையில்லா!" என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ள!" என்றார் அந்த அம்மா.

ரெண்டு குரலும் ஒன்றாக வந்து விழுந்தன. நாங்கள் வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிட மாட்டோம். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாதாம், எனக்குத் தெரியாது. முன்சீட்டில் ஸ்டெல்லாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்குங்கதே இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குமார் வண்டியை வேகமாக விட்டான்.

நான் மறுபடியும் மலையைப் பார்த்தேன்.

பச்சைத் தண்ணிப் பள்ளம்

முதலில் நின்ற இடம் ஒரு பெரிய பள்ளம். கட்டாந்தரையில் திடீரென்று பூமி உள்வாங்கின மாதிரி வட்டமாக இறங்குகிறது. அடியில் தண்ணீர். அது என்ன நிறம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மயில் கழுத்தில் பச்சையும் நீலமும் சேருகிற இடம் இருக்குமே, அந்த நிறம். வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்து உண்டான பள்ளம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். கடல் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளுக்குள் ரகசியமாகக் கடல் வந்து கலக்கிறதாம்.

கீழே போக நிறையப் படிகள். என் முழங்காலுக்கு ஆகாது. குமாரும் ஸ்டெல்லாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேலே ஒரு மரத்தடியில் பெஞ்சு இருந்தது. நான் போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். ரோஸ்மேரியும் முழங்காலைப் பிடித்தபடி வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு குடும்பமே உட்காரலாம், அவ்வளவு இடம்.

கீழேயிருந்து அமுதன், "ஆச்சி! அம்மாச்சி! மீன் கடிக்கி!" என்று கத்தினான். ஆச்சி நான். அம்மாச்சி அவர். தண்ணீரில் காலை விட்டால் குட்டி மீன்கள் வந்து கொத்துமாம். ரெண்டு பேரும் கையை ஆட்டினோம்.

ஏறி வந்ததும், கறுப்பு அங்கி போட்ட அந்த ஊர்ப் பெண் ஒருத்தர் அமுதன் கன்னத்தைத் தொட்டு, முடியைத் தடவி ஏதோ சொன்னார். கையில் பேரீச்சம்பழம் வைத்தார். ஆஸ்பத்திரியில் பேசிப் பேசி அரபு பழகிய ஸ்டெல்லா சிரித்தபடி தலையை ஆட்டினாள்.

"என்ன சொல்லுதாங்க?" என்று குமார் கேட்டான்.

"உங்க பொம்பளப் பிள்ளை ரொம்ப அழகா இருக்கா, கண்ணு பட்டுரும், பாத்துக்கோங்கன்னு சொல்லுதாங்க."

குமார் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியை எங்கள் முகம் தெரிகிற மாதிரி திருப்பினான்.

"எம்மா, அத்தை, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம். பிளேனை விட்டு எறங்குனா வண்டிய உவரிக்கு விடணுமா, சங்கரன்கோவிலுக்கு விடணுமான்னு எனக்குத் தெரியணும். திரும்பி வந்ததும் இவன ஸ்கூல்ல சேக்கணும். இன்னைக்கு வீடு போய்ச் சேருததுக்குள்ள பேசி முடிங்க. இல்லைன்னா நாளைக்கு நம்ம பில்டிங்குக்குக் கீழ இருக்க சலூனுக்கு நானே தூக்கிட்டுப் போயிருவேன். பெறகு யாரும் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"நல்லாத்தான் சொல்லுதீங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா அதுக்கு இவங்க பேசணுமே."

சலூன். அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. யாருக்கும் இல்லாமல், குப்பைக்கூடைக்கா அந்த முடி போகும்? ஓரக்கண்ணால் பார்த்தேன். ரோஸ்மேரி கழுத்துச் செயினில் இருந்த சிலுவையைக் கையில் பிடித்திருந்தார்.

கத்திரி

அடுத்து நின்ற கடற்கரையில் மணல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. நடுநடுவே உருண்டை உருண்டையாக வெள்ளைக் கூழாங்கல். அலை திரும்பும்போது அந்தக் கற்கள் உருண்டு ஒரு சத்தம் வரும். உளுந்தை முறத்தில் போட்டுப் புடைக்கிற சத்தம். அப்போதுதான் முதல்முறையாக அந்த ஊர்க் கடலை முழுசாகப் பார்த்தேன். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அப்புறம் இளம்பச்சை. அப்புறம் நீலம். நம்ம பக்கம் திருச்செந்தூரில் பார்த்திருக்கிறேன், அது கோபக்காரக் கடல். இது சாது.

நிழலுக்குக் குடையை நட்டு, விரிப்பைப் போட்டுச் சாப்பிட்டோம். என் இட்லி அங்கே போனது. அவர் எலுமிச்சம்பழச் சாதம் இங்கே வந்தது. ஸ்டெல்லா கை வழியாகத்தான்.

பேச வேண்டும் என்று எனக்கும் இருந்தது. என்ன சொல்லி ஆரம்பிக்க? "முடி விஷயமா…" என்று மனசுக்குள்ளேயே பல தடவை ஒத்திகை பார்த்தேன். வாய் வரை வந்து, தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டேன்.

அமுதன் மணலில் விளையாடிக்கொண்டிருந்தான். ரப்பர் பேண்டு அவிழ்ந்து முடி காடாகப் பறந்தது. நாய்க்குட்டி மாதிரி மணலில் உருண்டான், எழுந்தான், மறுபடி உருண்டான். சிரித்துக்கொண்டே ஓடி வந்து என் மடியில் விழுந்தான். தலையைத் தடவினேன். கையில் பிசுக்கென்று ஏதோ ஒட்டியது.

கறுப்பு. விரலை மோந்து பார்த்தேன். ரோடு போடுகிற வாசனை.

"ஐயோ, தாரு!" என்றாள் ஸ்டெல்லா. கப்பலிலிருந்து கசிகிற எண்ணெய் கடலில் மிதந்து, உருண்டு திரண்டு கரையில் ஒதுங்குமாம். மணலுக்குள் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. பிள்ளையின் பின்தலையில் ஒரு கட்டி. காதோரம் ஒரு கட்டி. முடியோடு முடியாகப் பின்னிக்கொண்டது. அவன் கையை வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பரவியது. வலித்ததும் அழ ஆரம்பித்தான்.

குமார் காருக்கு ஓடினான். மருந்துப் பெட்டியோடு வந்தான். அதிலிருந்து அவன் எடுத்தது கத்திரி.

"கத்திரி படக்கூடாது!"

நான் கத்தியதா, அந்த அம்மா கத்தியதா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஒரே நேரம், ஒரே சொல். நான் பிள்ளையின் தலையை ரெண்டு கையாலும் மூடினேன். என் கைமேல் இன்னொரு கை வந்து மூடியது. வளையல் போட்ட கை.

"எம்மா, தார் இது. போகாது. அந்த இடத்த மட்டும்…"

"நீங்க கத்திரியக் கீழ போடுங்க மாப்பிள்ள" என்றார் ரோஸ்மேரி. மாப்பிள்ளை கத்திரியைக் கீழே போட்டான்.

எனக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று வந்தது. ராயகிரியில் எங்கள் வீட்டு மாட்டுவண்டிக்கு அடியில் ஒளிந்து விளையாடியபோது, அச்சில் தடவியிருந்த வண்டி மை என் சடை பூராவும் அப்பிக்கொண்டது. எங்கம்மா என்னை அடித்த அடி தனி. அடித்துவிட்டு எண்ணெய் ஊற்றித்தான் அதை எடுத்தாள். தண்ணீர் பட்டால் இறுகிவிடும், எண்ணெய் பட்டால் இளகிவிடும்.

டிபன் பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். பேச்சு தானாக வந்தது. "எண்ணெய் போட்டா விடும். பிள்ளைய ஆட்டாம பிடிச்சுக்கிடணும்."

ரோஸ்மேரி கால் ரெண்டையும் நீட்டி உட்கார்ந்தார். அமுதனை முழங்காலுக்கு நடுவே வைத்துக் கொண்டார். "வாலே ராசா. அம்மாச்சி கடைக்கு ஒரு நாள் ஒரு குரங்கு வந்து குக்கர் வெலை கேட்ட கதைய சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார். அழுகை நின்றுவிட்டது.

வகிடு

குமாரும் ஸ்டெல்லாவும் மணலும் காத்தும் வராமல் ஒரு போர்வையைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முடியாகப் பிரித்து, வழித்து வழித்து எடுத்தேன். காகிதத்தில் துடைத்தால் காகிதம் ஒட்டிக்கொள்கிறது. முந்தானையில் துடைத்தேன். என் சேலை கறுத்தது. ரோஸ்மேரி தன் முந்தானையைத் தூக்கிக் கொடுத்தார். "இதுலயும் துடைங்க. உங்களுது பூராவும் போச்சு."

குரங்கு கதை முடிந்து, பிள்ளை அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். இப்போது ரெண்டு பேரும் துடைத்தோம்.

"நீங்க பெரிய கர்வக்காரின்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார் திடீரென்று.

"நானா?"

"பெறகு? கல்யாணத்துக்கு முன்ன, உங்கள யாருன்னே தெரியாதப்ப, எங்க கடை வாசல்ல வந்து நிப்பீங்க. இட்லிக் கொப்பரையவே பாத்துக்கிட்டு நிப்பீங்க. 'வாங்கம்மா'ன்னு கூப்பிட்டா ஒரு பதில் சொல்லாம விறுவிறுன்னு போயிருவீங்க. நம்ம கடைச் சாமான் இவங்களுக்கு ஆகாது போலன்னு நெனச்சுக்கிடுவேன்."

"வெலை கேக்கக் கூச்சமா இருக்கும்."

"வெலை கேக்கவா?"

"ஆமா."

"கடைக்கு வந்து வெலை கேக்க ஒரு மனுசிக்குக் கூச்சமா?" அவர் சிரித்த சிரிப்பில் போர்வையே ஆடியது. பிள்ளை முழித்துவிடுவான் என்று நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். அப்படியே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய்க் கையால் வாயைப் பொத்தினேன்.

போர்வைக்கு அந்தப் பக்கம் குமார் மெதுவாக, "ஏட்டி, சிரிக்காங்க" என்றது கேட்டது. "பேசாம இருங்க" என்றாள் ஸ்டெல்லா.

தார் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க நடு வகிடு எடுத்தோம். இந்தப் பக்கம் என் கையில், அந்தப் பக்கம் அவர் கையில். ரெண்டு பேரும் சீவினோம். எண்ணெய் குடித்த முடி ரெண்டு பிரியாகப் பளபளவென்று தொங்கியது.

ரோஸ்மேரி அந்த வகிட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "ஆடித்தவசுக்கு வருசா வருசம் எங்க கடை முன்னாலதான் அவ்வளவு கூட்டமும் போகும். உங்க சாமியே ஒரு பக்கம் ஒருத்தரு, மறு பக்கம் ஒருத்தருன்னுதான நிக்காரு?"

"ஆமா. சங்கரரு பாதி, நாராயணரு பாதி."

"அப்போ ஒரு தலையில பாதி அங்கன, பாதி இங்கனன்னு குடுத்தா அவருக்கு என்ன கோவம் வந்துரப்போகுது?"

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் முழுசாகத்தானே நேர்ந்தேன். பாதி கொடுத்தால் அம்மன் ஏற்றுக்கொள்வாளா? கண்ணாடிப் பெட்டி மறுபடியும் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் யோசித்தேன். கோமதியம்மா ஒற்றைக் காலில் தவசு நின்றது எதற்கு? ரெண்டு பேரையும் ஒரே உடம்பில் பார்க்க வேண்டும் என்றுதானே? அவளுக்கா பாதிக் கணக்கு புரியாது?

"எங்க அம்மன் கோவிக்க மாட்டா" என்றேன். "அந்தோணியாரு?"

"அவரு தொலைஞ்ச பொருளத் தேடிக் குடுக்கவரு. பாதியக் குடுத்தா, மீதி எங்க போச்சுன்னு அவருக்கே தெரியும்."

மறுபடி சிரித்தோம். அப்புறம் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. எந்தப் பாதி முதலில்? முதல் முடி என்றுதானே ரெண்டு பேரும் சொல்லியிருந்தோம். ரோஸ்மேரி கேட்கவில்லை. முடியைச் சும்மா சீவிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பேசுகிறவர் கேட்கத் தயங்குவதைப் பார்த்தபோது, அவருக்கும் என்னை மாதிரியே பயம்தான் என்று எனக்குப் புரிந்தது.

"திருவனந்தபுரத்துல எறங்கிக் கடலோரமா வந்தா உவரி தாண்டித்தான நம்ம ஊரு" என்றேன். "போற வழியில மொதல்ல அங்கன முடிச்சிட்டு வந்துருவோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முந்தி எங்களுக்கா?"

"வழியில இருக்குல்லா."

அவர் முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தார். அது முழுக்கத் தார். "பாருங்க மதினி, மூஞ்சியத் தொடைக்கக்கூட இடமில்ல" என்றார். அதுதான் அவர் என்னை முதன்முதலில் மதினி என்று கூப்பிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் குமார் போர்வையை நழுவவிட்டான். "பாதி மொட்டையா? எம்மா, பிள்ளைய சர்க்கஸ்லயா சேக்கப் போறீங்க?"

"நீதானடா பேசி முடிக்கச் சொன்ன. முடிச்சாச்சு" என்றேன்.

சூருக்குப் போகவில்லை. எங்கள் ரெண்டு பேர் சேலையும் இருந்த கோலத்துக்கு எங்கேயும் போக முடியாது. அங்கிருந்தே திரும்பினோம். அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்தோம். ஆனால் திரும்பும்போது, நான் கேட்காமலே கடல் என் பக்கம் வந்துவிட்டது. சாயங்கால வெயிலில் அது தாம்பாளம் மாதிரி மினுங்கியது. ரோஸ்மேரி பிள்ளைக்கு மேலே எட்டி எட்டி, "மதினி, அங்கன பாருங்க படகு", "மதினி, பறவைய பாத்தீங்களா" என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு ராத்திரி ஏ.சி. ஓடியது. நான் போர்த்திக்கொண்டேன்.

பாதித் தலையோடு ஒரு பயணம்

பிளேன் இறங்கி நேராகப் போன உவரியில், முடி எடுக்கிற ஆள் முதலில் மறுத்தார். ரோஸ்மேரி பேசிய பேச்சில் கத்தியை எடுத்தார். வகிட்டுக்கு அந்தப் பக்கம் பூராவும் வழித்தார். ரோஸ்மேரி முழங்காலில் நின்று கும்பிட்டபோது நானும் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

அங்கிருந்து சங்கரன்கோவில் வரும் வரை எங்கள் வேனைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. தொப்பி போட்டால் அமுதன் கழற்றி எறிந்துவிடுகிறான். ஒரு டீக்கடையில் ஒருத்தர், "ஏன்த்தா, கரண்டு போயிட்டா பாதியில?" என்று கேட்டார். ரோஸ்மேரி அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் எங்கள் கோயிலில் முடி எடுக்கிற இடத்துக்குப் போனோம். கூட்டம். அமுதனைப் பலகையில் உட்கார வைத்ததும் அந்த அண்ணாச்சி தலையைப் பார்த்துக் கத்தியை நிறுத்திவிட்டார்.

"இது என்னம்மா கூத்து? எவன் பாதியில விட்டது?"

சுற்றி இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குமார் ஸ்டெல்லாவைப் பார்த்தான். ரோஸ்மேரி வாயைத் திறந்தார். ஏதோ நினைத்து, மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அவ்வளவு ஆண்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நான் என்றைக்கும் பேசியதில்லை.

"யாரும் பாதியில விடல அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "அந்தப் பாதி மதினி நேர்ச்சை. அது சேர வேண்டிய இடத்துல சேந்துட்டு. இது எம் பாதி. நீங்க எடுங்க."

அண்ணாச்சி தண்ணீர் தெளித்துத் தலையைத் தடவ ஆரம்பித்தார்.

முடித்ததும் ரோஸ்மேரி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக் கொண்டுவந்தார். உவரிப் பக்கம் ஒரு நாள் வெயில் பட்டுக் கொஞ்சம் கறுத்திருந்தது. இந்தப் பக்கம் புதுசாக வெளுத்திருந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் தடவினோம். கோடு மறைந்துவிட்டது.

அமுதன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, முடி எங்க?" என்று கேட்டான்.